பருவந்தோறும் அபயதானம்: கல்வராயன் மலைக்காடுகளும் உயிரோம்பலும்

இல்லறத்தார் ஆற்றவேண்டிய தானங்கள் நான்கு என நம் சாவக நூல்கள் வகுத்துரைக்கின்றன. அவை ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் என்பன. முதல் மூன்றையும் நம் குடும்பங்கள் நன்கறியும். பசித்தோர்க்கு உணவும், பிணியுற்றோர்க்கு மருந்தும், கற்போர்க்கு நூலும் வழங்குவதில் நாம் பின்தங்கியதில்லை. நான்காவதாகிய அபயதானமோ அஞ்சும் உயிரின் அச்சம் நீக்கி, அது தன் இயல்பில் வாழ இடம் தருவதாகும். வீட்டிலும் வயலிலும் இதனை எவ்வாறு செய்வது என்பது நமக்குத் தெரியும். காட்டில் வாழும் உயிர்களுக்கு இதனை எவ்வாறு செய்வது? வேட்டையாடாதிருத்தல் ஒன்றே போதுமா?

போதாது என்பதே காடுகளை நெருங்கி ஆராய்ந்தோர் கூறும் விடை. ஒருவரும் கண்ணி வைக்காத காட்டிலும் உயிர்கள் மடிகின்றன. பங்குனியில் எவரோ அணைக்காமல் எறிந்த பீடித்துண்டால் ஒரு மலைச்சரிவே எரிகிறது. சித்திரையில் சுனை வற்ற, நீர் தேடி இறங்கும் விலங்கு கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் வீழ்கிறது. ஆவணியில் மழைக்குப்பின் சாலையைக் கடக்கும் தவளைகள் வண்டிச் சக்கரங்களில் நசுங்குகின்றன. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தனி இடர் உண்டு. ஆதலின், காவலும் பருவத்துக்கேற்ப மாறுதல் வேண்டும். இவ்வுண்மையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதியில் சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு ஒரு வரிசையில் வைத்து எண்ணப்படுவது கல்வராயன் மலை. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இம்மலை, பெரும்பகுதி கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் அமைந்துள்ளது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கும் இதன் உயரம் பொதுவாக 2,000 அடி முதல் 4,000 அடி வரை ஆகும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. மலைமேல் உள்ள வெள்ளிமலை இப்பகுதியின் நிருவாக மையமாக விளங்குகிறது.

காட்டின் இயல்பு உயரத்தோடு மாறுகிறது. அடிவாரத்தில், சுமார் 400 மீட்டர் வரை, முட்புதர்க் காடு. அதற்குமேல் 800 மீட்டர் வரை இலையுதிர் காடு. அதனினும் உயர்ந்த சமவெளிகளில், ஈரமான மடிப்புகளில், சோலைக்காட்டின் எச்சங்கள். இம்மூன்றும் மூன்று வேறு வீடுகள் போன்றன. கோடையில் அடிவாரம் காய்ந்தபோது மேலே ஈரம் இருக்கும். மழையில் மேலே குளிர்ந்தபோது கீழே புல் தளிர்க்கும். உயிர்கள் இவற்றினிடையே பருவத்துக்கேற்ப ஏறி இறங்கி வாழ்கின்றன. இடையில் ஒரு பகுதி துண்டிக்கப்படின் ஏனைய இரண்டும் பயன் குன்றும்.

இம்மலையில் பிறக்கும் ஓடைகளே கோமுகி, மணிமுக்தா ஆறுகளுக்கு நீர் தருகின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணையின் நீர்மட்ட உயரம் 46 அடி. இவ்வாறுகள் கள்ளக்குறிச்சி வட்டார வயல்களுக்குப் பாய்ந்து இறுதியில் வெள்ளாற்றைச் சேர்கின்றன. மலைக்காடு நீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவதால்தான் மழை ஓய்ந்த பின்னும் ஓடையில் நீர் கசிகிறது. ஆகவே, மலைமேல் ஒரு பறவைக்கூட்டைக் காப்பவரும் சமவெளியில் ஒரு நெல்வயலைக் காப்பவரும் ஒரே காட்டையே காக்கின்றனர்.

மலைமேல் பல தலைமுறைகளாக வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். இப்பெயர் மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. இவர்கள் பேசுவது தமிழே. நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த இம்மலையில் அம்முறை 1976-இல் ஒழிக்கப்பட்டது. சாமை, தினை, நெல், மரவள்ளி ஆகியன இவர்களின் பயிர்கள். கடுக்காய், நெல்லி, புளி முதலியன காட்டிலிருந்து சேகரிக்கும் பொருள்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இத்தகைய மக்களின் பயிர்நில உரிமையையும் சிறுவனப்பொருள் உரிமையையும் ஏற்கிறது. அதே சட்டம் காட்டுயிர்களையும் நீர்நிலைகளையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. உரிமையும் கடமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளன என்பதைக் கருத்தில் கொள்க.

காப்பகம் என்பது யாது?

தமிழ்நாட்டு வனச்சட்டம் 1882-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி அறிவிக்கப்பட்டவை காப்புக்காடுகள். கல்வராயன் மலையின் காடுகள் இவ்வகையின. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயம், தேசியப் பூங்கா என்னும் கடுங்காவல் இடங்களை அமைக்க வழி செய்தது. அச்சட்டத்தின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம், மக்களோடு இணைந்து காக்கும் சமுதாயக் காப்பகம் என்னும் புதுவகையையும் சேர்த்தது.

பெயர் எதுவாயினும், அறிவிப்புப் பலகை காடாகாது. காவலின் உயிர்நாடி அவ்வூர் மக்களின் மனமே. இதற்கு வேடந்தாங்கலே சிறந்த சான்று. அங்குள்ள ஏரியில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளை ஊர் மக்கள் தாமே காத்துவந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாதல் அவர்கள் அனுபவத்தில் கண்டது. ஆங்கிலேய வீரர்கள் பறவைகளைச் சுட்டபோது மக்கள் முறையிட்டனர். அக்காலத்துச் செங்கல்பட்டுக் கலெக்டர் 1798-இல் அவர்தம் காவல் உரிமையை எழுத்தில் ஏற்றார். அரசுச் சட்டங்களுக்கு முன்பே அங்குப் பறவைகளுக்கு அபயம் கிடைத்திருந்தது. வயலும் பறவையும் ஒன்றுக்கொன்று பயன்படும் நிலையில் அமைந்த காவல் ஆதலால் அது நிலைத்து நின்றது.

ஆறு பருவங்கள், ஆறு கடமைகள்

நம் முன்னோர் ஆண்டை இவ்விரண்டு திங்களாக ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். காட்டைக் காப்போரின் நாட்காட்டியும் இப்பகுப்போடு பெரிதும் ஒத்துச் செல்கிறது.

1. பின்பனி (மாசி, பங்குனி): தீயினின்று காத்தல்

இலையுதிர் காட்டில் மரங்கள் இலை சொரிந்து நிற்கும் காலம் இது. தரையெங்கும் சருகு, புல் காய்ந்து வைக்கோல் போல் கிடக்கும். நம் நாட்டுக் காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனிதராலேயே மூட்டப்படுகின்றன. புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்போர் வைப்பதும், சருகை அகற்றிக் காய் பொறுக்க வைப்பதும், வழிப்போக்கர் அடுப்பை அணைக்காது விட்டுச் செல்வதும் இதன் காரணங்கள்.

தீயில் பெரிய விலங்கு ஓடித் தப்பும். ஆமை தப்பாது, முட்டை தப்பாது, புழுவும் பூச்சியும் தப்பா. கௌதாரி, காடை, காட்டுக்கோழி, மயில் ஆகியன தரையிலேயே முட்டையிடுவன. ஆண்டுதோறும் எரியும் சரிவில் இளங்கன்றுகள் அழிந்து, முதிய மரங்கள் மட்டும் வாரிசின்றி நிற்கும். அவையும் வீழ்ந்தபின் அவ்விடம் புல்லும் முள்ளுமாய் மாறும்.

இதனைத் தடுக்கத் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். அஃதாவது, காட்டின் ஊடே ஒரு நீண்ட பட்டையாகச் சருகையும் புல்லையும் அகற்றி வெறுந்தரை ஆக்குதல். தீ அங்கு வந்து உணவின்றி ஓயும். இப்பணி தை முடிவதற்குள் நிறைவேறல் வேண்டும்; தீ கண்டபின் வெட்டுவது பயனற்றது. இன்று செயற்கைக்கோள் காணும் வெப்பப் புள்ளிகளை இந்திய வன அளவை நிறுவனம் கைப்பேசிச் செய்தியாக வனத்துறையினர்க்கு அனுப்புகிறது. ஆயினும், செய்தி வந்தபின் மலையேறி அணைப்பவர் அவ்வூர்த் தீக்காவலர்களே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. இப்பருவத்தில் காடு எத்துணை எளிதில் பற்றும் என்பதை அந்நிகழ்ச்சி அனைவர்க்கும் உணர்த்திற்று.

சாவகர் விலக்கவேண்டிய பதினைந்து தீத்தொழில்கள் எனச் சில நூல்கள் கூறுவனவற்றுள் காட்டை எரித்தலும் குளத்தை வற்றச் செய்தலும் அடங்கும். பயனின்றித் தீமூட்டல், மண் அகழ்தல், நீர் சிந்தல், செடி கொடி அறுத்தல் ஆகியவற்றை அனர்த்ததண்ட விரதம் தடுக்கிறது. நெருப்பை ஓம்பாமையால் விளையும் கொலை இத்துணைப் பெரிது என்பதைக் காட்டுத்தீ நமக்குக் காட்டுகிறது.

2. இளவேனில் (சித்திரை, வைகாசி): நீர் காத்தல்

ஓடைகள் சுருங்கிக் குட்டைகளாகும் காலம். எஞ்சிய ஒவ்வொரு குட்டையும் நூற்றுக்கணக்கான உயிர்களின் பொதுச்சொத்து. எனவே முதற்கடமை, இயற்கைச் சுனைகளை அவ்வண்ணமே விட்டுவைத்தலும், அவற்றில் துணி துவைத்தல், குப்பை இடுதல், நஞ்சிட்டு மீன் பிடித்தல் ஆகியவற்றைத் தடுத்தலும் ஆம்.

செயற்கைத் தொட்டி அமைத்து நீர் நிரப்பும் வழக்கமும் உண்டு. இது நற்செயலே எனினும் அளவும் முறையும் வேண்டும். செங்குத்தான சுவருடைய தொட்டியில் அணிலும் ஓணானும் வீழ்ந்து ஏற இயலாது மடியும். ஒரு பக்கமேனும் சரிவாக இருத்தல் வேண்டும். சாலையோரத்தில் வைத்தால் விலங்குகள் வண்டியில் அடிபடும். எல்லா விலங்கும் ஒரே இடத்தில் கூடினால் நோய் பரவும். சுற்றிலும் உள்ள பசுமை மிதிபட்டு அழியும். கண்ணி வைப்போனுக்கும் இடம் தெளிவாகும். ஆதலின், மழைக்காலத்தில் தடுப்பணையும் கசிவுக்குட்டையும் அமைத்துத் தரைக்குள் நீரை இறக்குதலே நிலைத்த வழி. 1997-இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம், கிராம வனக்குழுக்களைக் கொண்டு இத்தகைய தடுப்பணைகளைக் காடுகளில் அமைக்க முற்பட்டது.

அடிவார உழவர் செய்யக்கூடிய எளிய அபயதானம் ஒன்று உளது. திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுதலே அது. கோடை இரவில் நீர் நாடி வரும் மானும் நரியும் கிணற்றில் வீழ்ந்து இறப்பதை அச்சுவர் பெரிதும் தடுக்கும்.

3. முதுவேனில் (ஆனி, ஆடி): உணவு மரங்களைக் காத்தல்

ஆல், அரசு, அத்தி, இத்தி, கல்லத்தி ஆகிய ஐந்தின் பழங்களை நாம் உண்பதில்லை. உதும்பரம் என்னும் பெயரால் விலக்கப்பட்ட இவை சிற்றுயிர்களின் உறைவிடம் என்பது அதன் காரணம். இற்றை உயிரியல் இவ்வுண்மையை வியப்புற விளக்குகிறது. அத்தி இனத்தின் 'பழம்' என நாம் காண்பது, எண்ணற்ற நுண்பூக்களை உள்ளே கொண்ட ஒரு பை. எறும்பினும் சிறிய ஒருவகைக் குளவி அதன் நுண்துளை வழியே நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையும் இடுகிறது. அதன் குஞ்சுகள் அப்பூக்களுக்குள்ளேயே வளர்கின்றன. சிறகற்ற ஆண்கள் துளையிட்டு வழி திறக்க, சிறகுடைய பெண்கள் மகரந்தம் சுமந்து வேறொரு மரம் தேடிப் பறக்கின்றன. அவற்றின் வாழ்நாள் ஓரிரு நாளே. எனவே, அக்குளவி இனம் அழியாதிருக்க, காட்டில் எந்நாளிலும் ஏதேனும் ஓர் அத்திமரம் பூக்கும் நிலையில் இருந்தாக வேண்டும்.

இதனால் காட்டுக்கு வாய்த்த நன்மை பெரிது. ஏனைய மரங்கள் ஒரு பருவத்தில் காய்த்து ஓய, அத்தியினம் மரத்துக்கு மரம் காலம் மாறிப் பழுக்கிறது. வறண்ட திங்களில் குயிலும் மைனாவும் குக்குறுவானும் கொண்டைக்குருவியும், பழந்தின்னி வௌவாலும் மரநாயும் குரங்கும் இம்மரங்களையே நாடுகின்றன. அவை விதைகளை எடுத்துச் சென்று வேறிடத்தில் இடுகின்றன. நாம் உண்ணாது விலக்கிய கனி, காட்டின் பஞ்சகாலக் களஞ்சியமாக நிற்கிறது.

ஆகவே ஒரே ஓர் ஆலமரத்தை வேலியிட்டுக் காத்தல் போதாது. குளவி பறந்து எட்டக்கூடிய தொலைவுக்குள் அவ்வினத்து மரங்கள் பல இருத்தல் வேண்டும். சாலை அகலப்படுத்தும்போதும் வயல் திருத்தும்போதும் முதலில் வீழ்த்தப்படுவது இம்மரங்களே. மரத்துண்டு விலைபோகாது என்பதால் இவற்றைப் பயனற்றவை எனக் கருதுதல் அறியாமை.

4. கார் (ஆவணி, புரட்டாசி): இடையூறு தவிர்த்தல்

முதல் மழைகளுக்குப்பின் மண்ணிலிருந்து உயிர் கொப்பளிக்கிறது. ஈசல் பறக்கும், தவளை முட்டையிடும், விதை முளைக்கும். நம் முனிவர்கள் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசியம் அனுசரிப்பதன் நோக்கத்தை நாம் அறிவோம். நடக்கும் அடியின்கீழ் உயிர்கள் நசுங்காமை வேண்டியே அந்நோன்பு. கான்ஹா, ரந்தம்பூர் போன்ற புலிக்காப்பகங்களின் உட்பகுதிகளில், மழைத் திங்களில் சுற்றுலா நிறுத்தப்படுகிறது. பாதை சேறாவதும் காடு தழைப்பதும் அதன் காரணங்கள். மழையில் காட்டை அதன் போக்கில் விடுதல் நன்று என்னும் முடிவில் துறவியரின் ஒழுக்கமும் காட்டியலும் ஒன்றுபடுகின்றன.

இப்பருவத்தில் செய்யவேண்டியன: புதுக்கன்றுகள் உள்ள பகுதியில் ஆடு மாடு மேய்ப்பதைச் சில திங்கள் நிறுத்தி, வேறு பகுதியைத் திறந்துவிடுதல், மலைச்சாலைகளில் இரவு நேர வண்டிகளின் வேகத்தைக் குறைத்தல், ஓடைக்கரைகளில் முகாமிடாதிருத்தல்.

மயில் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் ஆண்மயில் தன் நீண்ட தோகையைத் தானே உதிர்க்கிறது. திகம்பர முனிவர்களின் கையில் உள்ள பீலி, இவ்வாறு உதிர்ந்த தோகையால் ஆனது. உயிரை வருத்தாது பெறப்படும் அப்பீலி, மயில் அச்சமின்றி உலவும் ஒரு காட்டையும் வேண்டி நிற்கிறது.

5. கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): மண்ணைக் காத்தலும் களை நீக்குதலும்

வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் காலம். எரிந்த சரிவிலும் வெறுந்தரையிலும் விழும் மழை மேல்மண்ணை அரித்து அணையில் வண்டலாய்ச் சேர்க்கும். மாசியில் தீயைத் தடுத்த காட்டில் சருகு மெத்தையாக இருந்து மழையை வாங்கும். ஒரு பருவத்துக் கடமையின் பயன் மற்றொரு பருவத்தில் விளைவதை இங்குக் காண்க.

மண் ஈரமாயிருக்கும் இக்காலமே உண்ணிச்செடியைக் களையத் தக்கது. அமெரிக்க நாடுகளிலிருந்து அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்ட இது, காடுகளில் புதராய் அடர்ந்து புல்லையும் நாட்டுச் செடிகளையும் நெருக்கி அழிக்கிறது. மேய்வன உணவின்றி வயலுக்கு இறங்க இதுவும் ஒரு காரணம். தண்டை வெட்டினால் மீண்டும் தழைக்கும். தரைக்குச் சற்றுக் கீழே வேரின் தலைப்பகுதியை வெட்டிச் செடியைத் தலைகீழாய்க் கவிழ்த்துவிட வேண்டும். பறவைகள் இதன் விதையை மரத்தடிகளில் இடுவதால், மறு ஆண்டும் அவ்விடங்களைப் பார்த்து முளைகளைப் பிடுங்க வேண்டும். நாட்டுப்புல்லும் செடியும் அங்கு வளர்ந்தாலன்றிப் பணி நிறைவுறாது. புதரில் கூடு உள்ளதா எனப் பார்த்தபின் களைதல் நம்மவர் சேர்க்கவேண்டிய எச்சரிக்கை. உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் முதலிய அயல்தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக்கொள்கை வெளியிட்டது.

மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளாகிய தீபாவளியும் இப்பருவத்தில் வருகிறது. வேடந்தாங்கல், ஈரோட்டை அடுத்த வெள்ளோடு, சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் மக்கள் பறவைகளின்பொருட்டுத் தீபாவளியில் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் சமணர் அல்லர். கொல்லாமையைத் தம் குலதனமாகக் கருதும் நாம், அவ்வூர் மக்களிடம் இவ்வொன்றைக் கற்கலாம்.

6. முன்பனி (மார்கழி, தை): கணக்கெடுத்தல், அறுவடையை அளவுசெய்தல்

காட்டில் இலை குறைந்து பார்வை தெளியும் காலம். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கிடுகின்றனர். எண்ணிக்கை தெரியாமல் காவல் பயனளித்ததா என அறிய இயலாது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் எண்ணுவதே ஒப்பிடத்தக்கது.

நெல்லியும் கடுக்காயும் சேகரிக்கும் காலமும் இதுவே. கிளையை முறித்துப் பறித்தால் மறு ஆண்டு காய் இல்லை. முழுதும் பறித்தால் விதை இல்லை. கைக்கெட்டியதைப் பறித்து, உச்சியில் உள்ளதைப் பறவைக்கும் மண்ணுக்கும் விடுதலே தக்க அளவு. நீரைப் பிராசுகம் ஆக்கக் கடுக்காய்த்தூள் இடும் வழக்கம் நம் மரபில் உண்டு. அக்காய் எம்மரத்தில், எவர் கையால் பறிக்கப்பட்டது என எண்ணிப்பார்த்தலும் நன்று. இப்பருவத்தின் முடிவில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட, ஆண்டுச் சக்கரம் மீண்டும் சுழல்கிறது.

வயலுக்கு வரும் காட்டுப்பன்றி

இதுவரை கூறியவை ஏற்றற்கு எளியன. கடினமான வினா ஒன்று எஞ்சுகிறது. மலையடிவாரத்தில் ஓர் ஏக்கர் மரவள்ளி பயிரிட்டவன் ஓர் இரவில் காட்டுப்பன்றிக் கூட்டத்தால் அனைத்தையும் இழக்கக்கூடும். அவனிடம் கொல்லாமை பேச நமக்கு என்ன தகுதி?

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். இவ்வாணையைப் படிக்கும் நம் உள்ளம் வருந்துவது இயல்பு. ஆனால் நம் வருத்தத்தின் விலையை அவ்வுழவன் ஒருவனே செலுத்துமாறு விடுதல் அறமாகாது. சட்டத்துக்குப் புறம்பான மின்வேலிகள் பன்றியோடு பிற விலங்குகளையும், சிலபோது மனிதரையும் கொல்கின்றன. அந்நிலைக்கு உழவனைத் தள்ளாதிருக்க வழிகள் உள.

உண்ணிச்செடி அகன்று கிழங்கும் புல்லும் காட்டுக்குள் கிடைத்தல், கோடையில் நீர் உள்ளே இருத்தல், காட்டோரத்தில் எச்சில் உணவும் குப்பையும் கொட்டாதிருத்தல், இழப்பீடு காலத்தில் கிடைக்க உதவுதல் ஆகியன அவற்றுட் சில. முன்சொன்ன ஆறு கடமைகளும் செவ்வனே நிகழும் காட்டில், பன்றிக்கு வயலை நாடும் தேவை குறையும். முற்றும் நீங்கும் என்று கூறவியலாது. நாம் தேனும் கிழங்கும் கொள்வதில்லை. ஆயினும் மலைமக்களின் சாமையையும் தினையையும் புளியையும் நெல்லியையும் நியாய விலைக்கு வாங்கலாம். காட்டைக் காப்பதால் அவர்களின் அடுப்பு எரியுமாயின் காவல் நிலைக்கும்.

நம் குன்றுகளும் காப்பகங்களே

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதராகிய பார்சுவநாதரை வழிபட நம் குடும்பங்கள் செல்கின்றன. அக்குன்றின் பாறையிடுக்கில் வாழும் பல்லியும் வௌவாலும் மரத்தில் உறையும் கிளியும் அத்தலத்தின் குடிகளே. வழியில் குரங்குக்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் எறிதலை ஆகாரதானம் எனச் சிலர் கருதுகின்றனர். அஃது அவற்றைச் சாலைக்கு இழுத்து வண்டியில் மாய்க்கிறது; அச்சம் இழந்த குரங்கு வீடு புகுந்து அடியும் படுகிறது. காட்டுயிர்க்கு உரியது அபயதானம். அதன் உணவை அதற்குக் காடு தரும்.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை இங்கு நினைவுகூர்தல் தகும். சமணப் படுக்கைகளும் தீர்த்தங்கரர் திருவுருவமும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உடைய அவ்வூர்க் குன்றுகள், வல்லூறு முதலாய பல பறவை இனங்களின் வாழிடம். 2022-இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. முனிவர் தவம் செய்த பாறையையும் பறவை கூடுகட்டிய பாறையையும் அம்மக்கள் ஒருசேரக் காத்தனர்.

குடும்பத்தார் கூடிச் சிந்திக்க வினாக்கள்

1. ஆகாரதானத்துக்கும் அபயதானத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குரங்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

2. தீத்தடுப்புக் கோடு தை மாதத்துக்குள் முடியவேண்டும் என்பது ஏன்? அப்பணியின் பயன் ஐப்பசியில் எவ்வாறு தோன்றும்?

3. ஐந்து உதும்பரங்களை நாம் உண்ணாமைக்கும், அம்மரங்கள் காட்டில் பல இருக்கவேண்டும் என்பதற்கும் உள்ள தொடர்பு யாது?

4. நும் ஊர்க் கோயில் குன்றில், ஏரியில், தோப்பில் எவ்வெவ் உயிர்கள் எப்பருவத்தில் இனம் பெருக்குகின்றன? பெரியோரைக் கேட்டு ஆறு பருவங்களுக்கும் ஒரு பட்டியல் எழுதுக.

5. நும் நிலத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் உண்டா? இல்லையெனில் வரும் சித்திரைக்குமுன் அதனைக் கட்ட என்ன செலவாகும் எனக் கணக்கிடுக.